விளையாட்டு டீச்சரின் முட்டி

கழுத்தில் தொங்கிய இரும்பு விசிலைக் கழற்றித் தர விளையாட்டு டீச்சருக்கு மனமே இல்லை. எம்.ஆர்.ஐ. எந்திரம் பெரிய காந்தம், அந்த அறைக்குள் இரும்பு ஆகாது என்று சொன்ன பிறகுதான் என் கையில் வைத்தார். வைத்துவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தார். "ஆறு மாசம் முன்ன எக்ஸ்ரே எடுத்துட்டு ஒண்ணுமில்லைன்னு சொன்னது நீங்கதானேங்க?"

நான்தான். அரியலூரில் ஒரு மருத்துவமனையில் படம் எடுக்கும் வேலை எனக்கு. வரதராஜன்பேட்டைப் பக்கத்துப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நீளம் தாண்டிக் காட்டும்போது அவருக்கு முட்டி திருகிக்கொண்டது. அன்று எங்களிடம் எக்ஸ்ரே மட்டும்தான் இருந்தது, எம்.ஆர்.ஐ. அதற்குப் பிறகு வந்தது. அதில் எலும்பு தெரியும், ஜவ்வு தெரியாது. எலும்பு உடையவில்லை என்றால் ஒரு கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். அவருக்கோ அதன் பிறகு படியிறங்கும்போதெல்லாம் முட்டி நழுவியது. வீட்டில் நம்பவில்லை. வெயிலுக்குப் பயந்து சாக்குச் சொல்கிறார் என்று பள்ளியில் பேச்சு. மைதானத்தை விட்டுவிட்டு நூலகப் பொறுப்புக்குப் போய்விடலாம் என்று கடிதமும் எழுதி வைத்திருந்தார்.

சும்மா படுத்திருப்பது அவர் சுபாவத்திலேயே இல்லை. காலை ஆட்டியதில் முதல் படம் கலங்கிவிட்டது. "அசெம்பிளில அட்டென்ஷன்ல நிக்கிறதா நெனச்சுக்குங்க டீச்சர்" என்றேன். அதற்குப் பிறகு இருபது நிமிடமும் கட்டை போலக் கிடந்தார்.

முட்டியின் உள்பக்க ஜவ்வு பாதி கிழிந்திருப்பதாக, புதிதாக வந்திருந்த எலும்பு டாக்டர் சொன்னார். அழுவார் என்று நினைத்தேன். சிரித்தார். "அப்ப நான் நடிக்கலைங்க சார். இந்தப் படத்துல ரெண்டு காப்பி குடுங்க. ஒண்ணு எங்க வூட்டுக்காரருக்கு, ஒண்ணு எச்.எம்.முக்கு."

உடனே ஆபரேஷன் வேண்டாம், பயிற்சி செய்யட்டும், சில மாதம் கழித்து இன்னொரு படம் பார்த்து முடிவு செய்வோம் என்றார் டாக்டர். வைத்தியம் இப்படி மாறியதில் எங்கள் வேலையும் மாறிப்போனது. முன்பு ஒரே ஒரு படத்தோடு முடிந்தது. இப்போது வைத்தியத்துக்கு முன்னும் பின்னும் படம் வேண்டும். பட்டியலில் பாதி முட்டியும் தோளும்தான். சாப்பிடக்கூட நேரமில்லை என்று முணுமுணுத்துக்கொள்வோம். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு நான் யாரிடமும் 'ஒண்ணுமில்லை' என்று சொல்வதில்லை. 'எலும்பு உடையலைங்க, மத்ததை டாக்டர் பாத்துச் சொல்வாரு' என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சில மாதம் கழித்து எடுத்த டீச்சரின் அடுத்த படத்தில் ஜவ்வு நன்றாகக் கூடியிருந்தது. கத்திக்கு வேலை இல்லாமல் போனது. மூன்றாம் மாடியில் இருந்த டாக்டரிடம் காட்டுவதற்கு லிப்ட் பக்கம் அழைத்தேன். டீச்சர் அதற்குள் படியேறத் தொடங்கிவிட்டார். நானும் பின்னால் ஓடினேன். இரண்டாம் மாடியில் மூச்சு வாங்கி நான் நின்றபோது மேலிருந்து அவர் குரல் வந்தது.

"பாதியில நின்னா எப்படிங்க? நாளைலேருந்து காலைல எங்க கிரவுண்டுக்கு வந்துடுங்க."