மணல் வயலில் எறிந்த யூரியா

வாப்பா காணியைப் பிரித்தபோது எனக்கு மணல் வயலும் அக்காவான ராத்தாவுக்குப் பக்கத்துக் களிமண் வயலும் கிடைத்தன. அதில் எனக்கு மனக்குறைதான்.

சென்ற போகத்தில் இருவரும் ஒரே காலையில் ஈர நிலத்தில் யூரியா எறிந்தோம். மறுநாள் வெயில் ஏறியதும் என் வயலில் மட்டும் மூக்கை எரிக்கும் நெடி. களிமண் பிடித்து வைக்கும் சத்தை மணல் ஆவியாகப் போகவிடும். உடனே தண்ணீர் பாய்ச்சினால் உரம் மண்ணுக்குள் இறங்கும். ஆனால் அன்று தண்ணீர் முறை ராத்தாவுடையது. கேட்கத் தயங்கி வரம்பில் நின்றேன்.

ராத்தாவுக்கும் நெடி எட்டியிருக்க வேண்டும். வாய்க்காலை என் பக்கம் திருப்பினார்.

“உங்கட வயலுக்கு?” என்றேன்.

“என்ட மண் நாளைக்கும் தாங்கும். நீ முதல்ல தண்ணியக் கட்டு, தம்பி.”

தண்ணீர் பரவியதும் நெடி அடங்கியது. ராத்தாவின் வயலளவு விளையவில்லை என்றாலும் வெட்டுமளவுக்கு நெல் வந்தது. இப்போது தண்ணீர் வரும் நாளில்தான், கொஞ்சம் கொஞ்சமாக யூரியா எறிகிறேன்.