அத்தை கல்யாணத்து வாழைத்தார்

குத்தகைப் பதிவேட்டில் அப்பாவின் பெயர் ஏற மனு, ஆட்சேபம், விசாரணை, மறுவிசாரணை என்று எல்லாப் படிகளும் இருந்தன. வரப்பில் காய்த்த வாழைத்தார் யாருக்கு என்பதற்குத்தான் படிவம் கிடையாது. வழக்கமாக முதல் தாரை மிராசுதார் வீட்டுக் கொல்லைவாசலில் இறக்கி வைத்துவிட்டு அப்பா திரும்பிவிடுவார். பெயர் ஏறிய வருஷம் அதைக் காயாகவே வெட்டி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான்காம் நாள் அத்தைக்குக் கல்யாணம். “பந்தியில பழம் உண்டா, இல்ல அதுக்கும் மிராசுதாரைக் கேக்கணுமா?” என்று மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே குத்தியிருந்தார்கள்.

அம்மா சீப்புகளை நெல் கொட்டும் குதிருக்குள் அடுக்கி, நடுவில் நீடாமங்கலம் கடையில் வாங்கிய பழுத்த பழம் ஒன்றை வைத்தாள். “இது சொன்னா மத்ததெல்லாம் கேட்டுக்கும்.”

சித்தப்பா கட்சிக்காரர். புரோகிதர் இல்லாத அந்தக் கல்யாணமே அவர் ஏற்பாடு. விடுவாரா?

“ஏன் அண்ணி, பழம் காய்க்குத் தந்தி அடிக்குதா? நம்ம ஆட்சி வந்தும் இதெல்லாம் போகலையே!” பழத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். “தின்னு கண்ணு. பகுத்தறிவு இனிக்கும்.”

“காயாவே கெடந்தா நீங்கதான் தம்பி பந்தியில பதில் சொல்லணும்,” என்றாள் அம்மா.

பாதி தின்றதும் நிறுத்திவிட்டேன். அத்தையைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் சிரிக்கப்போவது இப்போதே காதில் கேட்டது. உரலில் ஏறி, மிச்சத்தைத் தோலோடு குதிருக்குள் போட்டுவிட்டேன். பழம் விடும் வாயுதான் காயைப் பழுக்க வைக்கிறது, காயம்பட்ட பழம் அதைக் கூடுதலாகவே விடும் என்பதெல்லாம் பின்னால் கல்லூரியில் படித்தது. அன்று என் கவலை, எச்சில் பழம் சொன்னால் காய்கள் கேட்குமா என்பதே.

கேட்டன. கல்யாணத்தன்று மூடியைத் திறந்ததும் வீடே மணத்தது. கறுத்துச் சுருங்கிய பாதிப் பழத்தை அம்மா எடுத்து, என்னை ஒரு பார்வை பார்த்து, மாட்டுக்குப் போட்டாள். காய்கள் யார் துணையுமின்றித் தாமே பழுத்த அறிவியலைச் சித்தப்பா மேடையில் கால் மணி நேரம் விளக்கினார். முதலில் கைதட்டியவள் அம்மாதான்.

பந்திக்கு மிராசுதாரின் காரியஸ்தரும் வந்திருந்தார், வேவு பார்க்கத்தான். மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பக்கத்தில், எங்கள் பாயில் உட்கார்ந்து, இரண்டு பழம் தின்றார். பிறகு, அதுவரை ‘வாடா, போடா’ என்றே பேசிவந்தவர், அப்பாவிடம் கையை நீட்டினார்.

“நல்ல பழம். இன்னொண்ணு குடுங்க.”

அப்பா கொடுத்துவிட்டு, சட்டென்று திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “புகை,” என்றார். அடுப்போ கொல்லையில் இருந்தது, காற்றும் அந்தப் பக்கமாகத்தான் அடித்தது. இவ்வளவு நல்ல நாளில் அப்பா எதற்குப் பொய் சொல்கிறார் என்று யோசித்தபடியே நான் நாலாவது பழத்தை உரித்தேன்.