படுக்கைவிரிப்புக்குள் இருந்த கடை

மாமா இப்போது மேடைகளில் பேசுகிற ஆள். கொழும்பில் கண்ணாடிக் கதவு போட்ட அலுவலகம், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட இளைஞர் கூட்டம், ஆங்கிலமும் சிங்களமும் தமிழும் மாறி மாறி அடிக்கும் தொலைபேசிகள். வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் ஊரில் உள்ள தன் வீட்டாருக்குக் கேக்கோ கோழியோ குளிர்சாதனப் பெட்டியோ அனுப்ப வேண்டுமென்றால் கைபேசியில் விரலை வைத்தால் போதும், பொருள் வாசலில் வந்து நிற்கும். அதுதான் மாமாவின் தொழில். இதை இப்படி ஒரு மூச்சில் சொல்ல எனக்கே வெகுகாலம் பிடித்தது.

எந்த மேடையில் ஏறினாலும் மாமா ஒரு விஷயத்தை மறக்காமல் சொல்வார். தன் முதல் ஓடர் கட்டாரிலிருந்து வந்தது, ஒரு வாப்பா தன் மகளுக்குக் கேக் அனுப்பக் கேட்டிருந்தார் என்பார். சபை உருகிப்போய்க் கைதட்டும். அந்த மகள் நான்தான். மற்றவர்கள் கைதட்டும்போது நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கல்முனைக்குடியில் எங்கள் வீடு உம்மாவுக்குச் சீதனமாக வந்த வீடு. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர வேண்டும். வாப்பா அப்படி வந்து சேர்ந்து, பிறகு வேலைக்கென்று கட்டாருக்குப் போயிருந்தார். உம்மாவின் தம்பியான மாமா கலியாணம் ஆகாதவர் என்பதால் எங்களோடு இருந்தார். நடு அறையில் ஒரு கணினியை வைத்துக்கொண்டு, தனக்கு ஒரு கடை இருக்கிறது என்று சொல்லித் திரிந்தார். நான் அந்த அறையில் மேசைக்குக் கீழேகூடப் புகுந்து தேடியிருக்கிறேன். வயர்களும் தூசியும்தான் இருந்தன.

கடை இல்லாவிட்டாலும் கடையிலிருந்து கேக் மட்டும் வந்தது. நான் வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்த அன்று ஒன்று, குர்ஆன் ஓதி முடித்த அன்று ஒன்று, நோன்புப் பெருநாளைக்கு ஒன்று. காலையில் பின்வாசலால் போகும் மாமா, மோட்டார் சைக்கிளில் ஊரைச் சுற்றி முன்வாசலுக்கு வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமல் “டெலிவரி!” என்று சத்தம் போடுவார். சொந்த அக்காவிடமே ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார். பெட்டிக்குள் “அன்பு மகளுக்கு, வாப்பா” என்று அச்சடித்த அட்டை இருக்கும். கேக் எப்போதும் மஞ்சள் நிறம். எனக்குப் பிடிக்காத நிறம், ஆனாலும் வாப்பா அனுப்பியது.

வாப்பா அந்த வருடம் தொலைபேசி எடுப்பது நின்றுபோயிருந்தது. வேலை கூட, நேரமில்லை என்று எப்போதாவது யார் மூலமாவது தகவல் வரும், அவ்வளவுதான். அதனால் உம்மா அந்தக் கேக்கை அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் வெட்டி அனுப்புவா. “மனிசனுக்கு ஒரு கோல் எடுக்க நேரமில்ல, ஆனா பிள்ளைக்குக் கேக் அனுப்ப மறக்கல்ல பாருங்க கா” என்று குறைப்படுவது போலப் பெருமையடிப்பா. நான் முதலாம் பிள்ளையாக வந்தது அதே நாளில் கட்டாருக்கு எப்படித் தெரிந்தது என்று ஒருமுறை மாமாவிடம் கேட்டேன். இணையத்தில் எல்லாம் தெரியும் என்றார். நம்பினேன். ஒன்பது வயதில் நம்பாமல் வேறென்ன செய்வது.

இந்த நிலையில்தான் மாமாவுக்குக் கலியாணப் பேச்சு வந்தது. பெண்ணுக்குப் பக்கத்து ஊரான சாய்ந்தமருது. மாமா முன்பு படிப்பித்த கணினி வகுப்பில் படித்தவ. மாமாவுக்கு அவவைத் தவிர வேறு யாரும் வேண்டாம். தகப்பனாருக்கு நாவிதன்வெளிப் பக்கம் பெரிய வயற்காணி. எல்லாரும் அவரைப் போடியார் என்பார்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்கள்தான் மாப்பிள்ளையைத் தேடி வருவார்கள். வந்தால் முதலில் கேட்பது தொழிலைத்தான். மாமாவைக் கேட்டு முன்பு வந்த இரண்டு இடமும் “கடை எங்க?” என்ற கேள்வியோடு பிளேன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போயிருந்தன. இதுவும் போனால் மாமா கலியாணமே முடிக்க மாட்டார் என்று உம்மா பயந்தா. மாமா இரண்டு நாளாகச் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்தார்.

வழி கண்டுபிடித்தது உம்மாவின் ராத்தா, என் பெரியம்மா. கேட்கிறவர்களுக்குக் கடைதானே வேண்டும், கடையைக் காட்டிவிட்டால் போயிற்று என்றா. பெரியப்பாவுக்குக் கல்முனை பஸாரில் துணிக்கடை இருந்தது. போடியார் வருவதாகச் சொன்ன வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு ஒரு லொறி வந்து எங்கள் வாசலில் நின்றது. ஆண்கள் உடுத்தும் சாரக் கட்டுகள், சேலைகள், கண்ணாடி அலுமாரி, துணி அளக்கும் யார் கோல் எல்லாம் இறங்கின. மாலை அசர் தொழுகைக்கு முன் எங்கள் முன் அறை ஒரு துணிக்கடையாகிவிட்டது. கணினி வெளியே தெரியக்கூடாது என்று நடு அறையில் அதன் மேல் பூப்போட்ட படுக்கைவிரிப்பைப் போட்டு மூடினார்கள்.

மாமா முதலில் முடியாது என்றுதான் சொன்னார். “ராத்தா, எனக்கு உண்மையாவே தொழில் இரிக்கு. அத மறைச்சிப்போட்டு இல்லாத தொழிலக் காட்டச் சொல்றீங்களே” என்றார். “ஒன்ட உண்மைய வெச்சித்தானே ரெண்டு இடம் போச்சி, சும்மா இரி” என்றா பெரியம்மா. மாமா போய் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். ஊசி போட வந்த பிள்ளையின் முகம் அது.

எனக்கும் ஒரு வேலை தந்திருந்தார்கள். போடியார் உட்கார்ந்ததும் நான் வெளியிலிருந்து வந்து, பாவாடைத் துணி வேண்டும் என்று கேட்க வேண்டும். என் வீட்டுக்குள்ளேயே நான் வாடிக்கையாளர், மாமாவை மாமா என்று கூப்பிடக்கூடாது. பக்கத்து வீட்டுப் பெண்களையும் வந்து பார்த்துப் போகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் வந்தார்கள், ஆனால் போகவில்லை. துணியைக் கண்டதும் நடிப்பை மறந்து உண்மையாகவே விலை பேசத் தொடங்கிவிட்டார்கள். ஒரு பெண் ஒரு சேலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, குறைத்துத் தராவிட்டால் நகர மாட்டேன் என்று நின்றா.

அந்த நேரம் பார்த்துப் போடியார் வந்தார். வெள்ளைச் சாரம், வெள்ளைத் தொப்பி, கையில் குடை. ஸலாம் சொல்லி உட்கார்ந்தவர் எல்லாவற்றையும் மெதுவாகப் பார்த்தார். பிறகு தனக்கு ஒரு பருத்திச் சாரம் காட்டும்படி மாமாவிடம் கேட்டார். மாமா எழுந்து அலுமாரியின் முன் நின்றார். எந்தக் கட்டில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஒன்றை இழுத்தார், அது பிள்ளைகளின் துணி. இன்னொன்றை இழுத்தார், நாலைந்து கட்டுகள் சரிந்து விழுந்தன. வாடிக்கையாளரைப் போல மூலையில் நின்ற பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. “மேல் தட்டு, இடப்பக்கம், ரெண்டாவது கட்டு” என்று தன்னை அறியாமல் சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

போடியார் பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்போது நடு அறையில் படுக்கைவிரிப்புக்குள்ளிருந்து “டிங்” என்று ஒரு சத்தம் கேட்டது. உண்மையான ஓடர் வரும்போது வரும் சத்தம். மாமாவின் தலை தானாகத் திரும்பியது. உள்ளே என்ன என்று போடியார் கேட்டார். பெரியம்மா அறைவாசல் திரைக்குப் பின்னாலிருந்து பூனை என்றா. பூனை இரண்டாம் தரமும் “டிங்” என்றது.

இதுதான் சமயம் என்று நினைத்து நான் உள்ளே வந்தேன். “பாவாடைத் துணி வேணும்” என்றேன், பாடம் ஒப்புவிக்கும் குரலில். போடியார் என்னை அருகில் கூப்பிட்டார்.

“மகள் ஆர்ர புள்ள?”

இதற்கு யாரும் எனக்குப் பதில் சொல்லித் தரவில்லை. நான் மாமாவைப் பார்த்தேன். மாமா விழுந்த துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தூட்டுப் புள்ள” என்றேன்.

“அப்ப இது ஆர்ர கட?”

“பெரியப்பாட. மாமாட கட அங்கால, பெட்ஷீட்டுக்குள்ள இரிக்கு.”

திரைக்குப் பின்னால் பெரியம்மா தலையில் அடித்துக்கொண்ட சத்தம் நன்றாகக் கேட்டது. காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. கெடுத்ததைச் சரிசெய்ய வேண்டுமே என்று, மாமாவின் கடை உண்மையான கடைதான், வாப்பா கட்டாரிலிருந்து எனக்குக் கேக் அனுப்புவது அதில்தான் என்று அழாத குறையாகச் சொன்னேன். போடியார் நம்பாதவர் போல என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய், கேக் அட்டைகளைச் சேர்த்து வைத்திருந்த பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து அவருடைய மடியில் வைத்தேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு அட்டைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். ஒவ்வொன்றும் எப்போது வந்தது என்று கேட்டார். இது குர்ஆன் முடித்த அன்று, இது பெருநாளைக்கு, இது போன கிழமை வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்ததற்கு என்றேன். போன கிழமை என்றதும் நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். மாமாவின் காது சிவந்திருந்தது.

“என்ட மகனும் கட்டார்லதான். உங்கட மச்சானோட ஒரே அறை” என்றார் போடியார், மாமாவிடம், தணிந்த குரலில். “கம்பெனி மூடினதுல இருந்து ரெண்டு பேருக்கும் ஒரே சஹன்லதான் சாப்பாடு. ஊருக்கு ஒரு கோல் எடுக்கவே…”

திரை அசைந்தது. அதற்குப் பின்னால் உம்மா நின்றிருந்தா.

எனக்கோ ஒரே சந்தோஷம். எங்கள் ஊரில் கலியாண வீட்டில்தான் ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆட்கள் கூடியிருந்து சஹன் சாப்பிடுவார்கள். வாப்பா கட்டாரில் தினமும் கலியாணச் சாப்பாடு சாப்பிடுகிறார் என்று நினைத்தேன். பிறகு ஏன் எல்லாரும் மையத்து வீட்டில் போல மௌனமாக நின்றார்கள் என்பதுதான் புரியவில்லை. விலை பேசிக்கொண்டிருந்த பெண்கூட சேலையைத் தோளிலிருந்து இறக்கி மடித்து வைத்துவிட்டா.

“கடையக் காட்டுங்க மகன்” என்றார் போடியார்.

மாமா நடு அறைக்குப் போய்ப் படுக்கைவிரிப்பை எடுத்தார். போடியார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கணினித் திரையை வெகுநேரம் பார்த்தார். என்ன விளங்கியதோ தெரியாது. நான் கதவோரம் நின்றேன். இதில் வரும் ஓடருக்கெல்லாம் அனுப்புகிற ஆட்கள்தான் காசு கட்டுகிறார்களா என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது. மாமா பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாத ஆளைப் பார்த்துப் போடியார் ஏன் தலையை ஆட்டினார் என்பதும் விளங்கவில்லை. பிளேன் டீயை முழுவதும் குடித்தார். போகும்போது என் தலையில் கை வைத்து ஏதோ ஓதினார். பெரியப்பாவிடம் அந்தப் பருத்திச் சாரத்துக்குக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில் சம்மதம் என்று சொல்லி அனுப்பினார்கள். தன் கடையைப் பார்த்துத்தான் போடியார் விழுந்தார் என்று பெரியம்மா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறா. கலியாணம் சரிவந்தால் வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள் என்று நான் காத்திருந்தேன். ஆனால் அன்று உம்மா மாமாவின் முதுகில் இரண்டு கையாலும் குத்தினா. “என்ன ஏமாத்திட்டியேடா, ஊரெல்லாம் கேக் குடுத்தேனேடா” என்று அழுதா. பிறகு அதே முதுகில் முகத்தை வைத்து அழுதா. அதற்கப்புறம் மூன்று நாள் மாமாவோடு கதைக்கவில்லை, ஆனால் அவருடைய சோற்றில் மட்டும் பெரிய மீன் துண்டு இருந்தது. நான் எல்லாவற்றையும் பார்த்துக் குழம்பி, கடைசியில் பிழை என்னுடையது என்று முடிவெடுத்து, பிஸ்கட் டின்னைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

வாப்பா அடுத்த வருடம் வந்துவிட்டார். மெலிந்து, கறுத்து, ஒரேயொரு பையோடு வந்தார். நான் அவர் கழுத்தில் தொங்கிக்கொண்டு கேக்குகளுக்கு நன்றி சொன்னேன். நல்ல பிள்ளையாக அதோடு நிறுத்தியிருக்கலாம். ஏன் எப்போதும் மஞ்சள் கேக்கே அனுப்பினீர்கள் என்றும் கேட்டேன். வாப்பா என் தலைக்கு மேலால் மாமாவைப் பார்த்தார். மாமா பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டவர், அன்று வாப்பாவைப் பார்க்க வந்திருந்தார்.

“அடுத்த தரம் நல்லதா அனுப்புறன் மகள்” என்றார் வாப்பா.

திரும்பிப் போகப்போவதில்லை என்று சொன்ன ஆள் எங்கிருந்து அனுப்புவார்? கேட்க நினைத்தேன், விட்டுவிட்டேன்.

பிறகு வாப்பா பெரியப்பாவின் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். நான் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் தேறினேன். முடிவு வந்த மறுநாள் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. மாமா ஹெல்மெட்டோடு நின்றார், கையில் கேக் பெட்டி. “டெலிவரி” என்று சத்தம் போடவில்லை. பெட்டியைத் திறந்தால் “அன்பு மகளுக்கு, வாப்பா” என்ற அதே அட்டை. நான் திரும்பிப் பார்த்தேன். வாப்பா வீட்டுக்குள்ளேதான் இருந்தார், சாரம் உடுத்தி, நாற்காலியில், என்னிடமிருந்து பத்தடி தூரத்தில்.

எனக்கு அது பெரிய முட்டாள்தனமாகத் தெரிந்தது. பேக்கரி நாலு வீடு தள்ளி இருக்கிறது, நடந்து போய் வாங்கித் தந்திருக்கலாமே, எதற்குக் கணினியில் அனுப்ப வேண்டும் என்று கேட்டேன்.

“ஏலாது மகள்” என்றார் வாப்பா. “இது மாமாட கடையாலதான் வரணும்.”

மாமா நீட்டிய தாளில் வாப்பாதான் கையெழுத்துப் போட்டார். சட்டைப் பையிலிருந்து, தான் காசு கட்டிய ரசீதை எடுத்து உம்மாவுக்குக் காட்டினார். பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். உம்மா கேக்கை வெட்டி எல்லா வீட்டுக்கும் அனுப்பினா. மாமா மட்டும் உள்ளே வராமல், ஹெல்மெட்டின் கண்ணாடியைக்கூடத் தூக்காமல், வெயிலில் அப்படியே நின்றார். தலை வேர்க்குமே, கழற்றினால் என்ன என்று யோசித்தபடி நான் என் துண்டைத் தின்றேன். இந்த முறையும் மஞ்சள் கேக்தான்.