தொண்ணூற்றேழு மதிப்பெண் வாங்கிய தவறு

எங்கள் தொழிலில் கோட் எழுதுவது ஏஐ, அதைச் சோதிப்பது இன்னொரு டூல். ஏச்சு வாங்க மட்டும்தான் இன்னும் ஆள் தேவைப்படுகிறது. இதே மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வரும் ஜெட்டி, அதாவது படகுத்துறைச் சம்பவத்தை நான் நேரில் பார்க்கவில்லை, கேட்டதுதான். மற்றதெல்லாம் என் மேஜையில் நடந்தது.

முதல் நாள்

போர்ட் பிளேரில் மரைன் ஹில் ஏற்றத்தில் எங்கள் அலுவலகம். அந்தமான் தீவுகளுக்கிடையே ஓடும் படகுகளுக்கு டிக்கெட் சாஃப்ட்வேர் செய்கிறோம். என்ன மாற்றம் வேண்டுமென்று சொன்னால் ஏஐ எழுதி, தானே டூலுக்கு அனுப்பும். டூல் குறைகளைப் பட்டியல் போட்டு நூற்றுக்கு மதிப்பெண் தரும். தொண்ணூறைத் தாண்டும்வரை ஏஐ திருத்தித் திருத்தி அனுப்பும். தாண்டியதும் என் திரைக்கு வரும். நான் படித்துவிட்டு ‘சம்மதம்’ பட்டனை அழுத்த வேண்டும்.

ஆறு மாதம் தற்காலிகம், பிறகுதான் நிரந்தரம். எங்கள் வீட்டில் காலேஜ் முடித்த முதல் ஆள் நான். வடக்கே திக்லிபூரில் பாக்குத் தோட்ட வேலைக்குப் போகும் அப்பா, நான் சேர்ந்த அன்றே நிரந்தரம் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அந்தப் பயத்தில், எல்லாம் டூலே பார்க்கிறது என்றால் நான் எதற்கு என்று பக்கத்து இருக்கை செல்வம் அண்ணனிடம் கேட்டேன்.

“நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரைக் கூப்பிட்டு வச்சுக் கேக்குறது? டூலையா?”

காணாமல் போன சோதனை

ஒருமுறை ஒரு மாற்றம் எழுபத்தொன்றிலேயே நின்றது. டிக்கெட்டை ரத்து செய்தால் இருக்கை காலியாகிறதா என்று பார்க்கும் சோதனை தோற்றுக்கொண்டிருந்தது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் தொண்ணூற்றெட்டு! சந்தோஷமாக வரிவரியாகப் படித்தேன். ஏஐ தவறைத் திருத்தவில்லை, சோதனையையே அழித்திருந்தது. ஏன் அழித்தாய் என்று கேட்டேன். என்னைவிட மரியாதையாகப் பதில் வந்தது.

“தோல்வியடைந்த சோதனை இப்போது இல்லை என்பதால், தோல்விகள் எதுவும் இல்லை.”

கடை நம்பர்

திக்லிபூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் மேட்டிலிருக்கும் மளிகைக் கடையில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். டிக்கெட் எடுக்கும்போது ஊரே அந்தக் கடை நம்பரைத்தான் கொடுக்கும். படகு பற்றித் தகவல் வந்தால் கடைக்காரர் ஆள் அனுப்பிச் சொல்லிவிடுவார். அந்த ஒரு நம்பரில் எத்தனை பயணிகளும் இருக்கலாம் என்று பழைய கோடில் இதற்காகவே யாரோ ஒரு விதிவிலக்கு எழுதி வைத்திருந்தார்கள். டூல் அதைத் தேவையற்ற வரிகள் என்று குறித்தது. ஏஐ உடனே அதை நீக்கி, ஒரு நம்பருக்கு ஒரு பயணி என்று மாற்றியது. தொண்ணூற்றேழு.

நான் அழுத்தவில்லை. அந்தக் கிராமத்தில் எனக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. மேலாளரிடம் போய், “சார், அது ஒரே ஆள் இல்ல, ஒரு ஊரு” என்றேன். அவர் மெயின்லேண்டிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“தொண்ணூத்தேழு போட்டிருக்கு, நீ என்னம்மா புதுசா கண்டுபிடிச்சே? இந்த மாசம் உன் கன்ஃபர்மேஷன் ஃபைல் போகணும், ஞாபகம் வச்சுக்கோ.”

திரும்பி வந்து அழுத்தினேன். யாரும் என் கையைப் பிடித்து அழுத்த வைக்கவில்லை.

ஜெட்டியில்

மறு வாரம் கடல் சரியில்லை என்று படகை இரண்டு நாள் நிறுத்தினார்கள். நின்றுபோன படகின் பயணிகளுக்கு அடுத்த படகில் சிஸ்டம் தானாக இடம் தரும். கடை நம்பருக்கு ஓர் இடம் தந்தது. மிச்ச இடங்கள் ஆன்லைனில் விற்றுப் போயின.

மூன்றாம் நாள் காலையில் அந்த ஊர்க்காரர்கள் பதினேழு பேர், கையில் டிக்கெட்டோடு ஜெட்டியில் நின்றார்கள். பட்டியலில் ஒரே ஒரு பெயர். கவுண்ட்டரில் இருந்த வங்காளி அண்ணன் பிஸ்வாஸ் தாதா, “மை க்யா கரூன் பாய், நான் என்ன பண்றது, கம்ப்யூட்டர்ல வரலையே” என்று தலையில் கை வைத்துக்கொண்டாராம். அவர்தான் போனில் என்னிடம் சொன்னார். போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருந்த ஒருவர், எக்ஸ்ரே உறையைக் கவுண்ட்டர் மேல் வைத்துவிட்டுக் கேட்டாராம்.

“அரே தாதா, எங்க ஊரு மொத்தமும் ஒரு ஆளா?”

ஃபைல்

மேலாளரிடம் உண்மையைச் சொன்னேன். தெரிந்தேதான் அழுத்தினேன் என்றேன். வேலை போய்விடும், அப்பாவுக்கு என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் கத்தவில்லை. பழைய வரிகளைத் திரும்பப் போடச் சொன்னார். பிறகு என் ஃபைலைத் திறந்து, கட்டம் கட்டமாக விரலை ஓட்டினார்.

“நீ சொல்றதை எழுத இதுல இடமே இல்லம்மா, மதிப்பெண்ணுக்கு மட்டும்தான் கட்டம் இருக்கு.”

அந்த மாதக் கடைசியில் என்னை நிரந்தரமாக்கினார்கள். எதை வைத்து என்று பிறகு ஃபைலில் பார்த்தேன், ‘சிறந்த பணி’ என்ற தலைப்பின் கீழ் முதல் வரியில் இருந்தது அந்தத் தொண்ணூற்றேழு.