அக்கா வூட்டுப் பெரிய கோட்டு

எனக்கும் அக்காவுக்கும் நடந்த சண்டைகளில் பாதிக்கு மேல் ஒரு ரப்பர் கோட்டால் வந்தவை. நகை, நிலம் என்று சொன்னால் கேட்கிறவர்களுக்கு மரியாதையாக இருக்கும். என்ன செய்வது, எங்களுக்கு வாய்த்தது கோட்டுதான்.

அது எண்பதுகளின் தொடக்கம். என் வீட்டுக்காரரும் அக்கா வீட்டுக்காரரும் அரியலூர்ப் பக்கம் ஒரே சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தார்கள். கம்பெனி கட்டிக்கொடுத்த ஓட்டு வீடுகளில் எங்கள் இரண்டு வீடும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஐப்பசி மழையில் சுரங்கக் குழி ஏரி மாதிரி நிரம்பிவிடும். மோட்டார் வைத்து இறைத்தால் தண்ணீருக்குள் கிடக்கும் குழாயின் வாயைச் சேறு அடைத்துக்கொள்ளும். ஆள் முங்கிப் போய்ச் சுத்தம் செய்தால்தான் மறுபடி தண்ணீர் ஏறும். இரண்டு பேரும் கிணற்றில் குதித்து வளர்ந்தவர்கள் என்பதால் அந்த வேலை இவர்கள் தலையில் விழுந்தது. கரையில் ஒரு மிஷின் ஓடும். அதிலிருந்து குழாய் வழியாக வருகிற காற்றை வாயில் கவ்விக்கொண்டு கீழே கிடப்பார்கள். குளிரில் விறைத்துப்போகிறார்கள் என்று கம்பெனி ஏதோ துறைமுகத்தில் கழித்துப்போட்ட முங்கு உடுப்பு இரண்டை வாங்கி வந்தது.

இரண்டும் ஒரே மாதிரி இருந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். ஒன்று ஹவாய் செருப்பு ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும். அதற்குள் தண்ணீர் வரும். வந்த தண்ணீர் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகி அங்கேயே நின்றுவிடும், அதுதான் அதன் வித்தை. மற்றது பெரிய கோட்டு. காலிலிருந்து கழுத்துவரை ஒரே உருப்படி. கழுத்திலும் மணிக்கட்டிலும் மெல்லிய ரப்பர்ப் பட்டை இறுக்கிப் பிடிக்கும், ஒரு சொட்டு உள்ளே போகாது. அடியில் ஸ்வெட்டரே போட்டுக்கொள்ளலாம். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், என் வீட்டுக்காரருக்கு ஒரு வாரம் முன்னால் வேலையில் சேர்ந்தவர். சீனியர் என்று பெரிய கோட்டை அவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் இரண்டு பேரும் திரும்பி வருவதைப் பார்க்க வேண்டுமே. மாமா கையில் காலையில் பூசிய விபூதிப் பட்டை அப்படியே இருக்கும். சட்டை மடிப்புக்கூடக் கலைந்திருக்காது. பின்னாலேயே என் மனுஷன் உதடு நீலம் பாரித்து, நனைந்த கோழி மாதிரி நடுங்கிக்கொண்டு வருவார். அக்கா வாசலில் நின்று, "என்னாங்க, இன்னிக்கி நெறைய வேலையா?" என்று சிரிப்பாள். எனக்கு அடிவயிற்றிலிருந்து எரியும். அவள் என்னைப் பார்த்துச் சிரித்ததாகவே நினைத்துக்கொள்வேன்.

வேலை முடிந்தாலும் எனக்கு முடியாது. சுண்ணாம்புக்கல் விளிம்பு கத்தி மாதிரி; மெத்து ரப்பரை முழங்காலில், முழங்கையில், பின்பக்கத்தில் கிழித்துவிடும். கோணி ஊசியால் தைத்து, சைக்கிள் கடையில் சொல்யூஷன் வாங்கி வந்து ட்யூப் துண்டு ஒட்டுவேன். அதன் நாற்றம் வேறு. குளிர் தாங்காமல் அவர் உள்ளேயே ஒன்றுக்குப் போய்விடுவார். "போனாத்தான்டி கொஞ்ச நேரம் சூடா இருக்கு" என்பார். கர்மமே என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு அலசிப் போடுவேன். அக்காவோ பெரிய கோட்டை ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துக் கொடியில் மாட்டினால் சரி.

போதாததற்கு, பெரிய கோட்டின் கழுத்துப் பட்டையில் தடவ கம்பெனி ஸ்டோரிலிருந்து பவுடர் டப்பா கொடுத்தார்கள். முகத்துக்குப் போடுகிற அதே வாசனைப் பவுடர். மெத்து ரப்பருக்கு ஒன்றும் கிடையாது. அக்கா அந்தப் பவுடரைக் கோட்டுக்குப் போட்டாளா? அப்பிக்கொண்டு பஸ் ஏறி டவுனுக்குப் போய்வந்தாள். கம்பெனி பவுடரில் அவள் முகம் பளபளப்பதைப் பார்த்துக்கொண்டே நான் சொல்யூஷன் நாறும் கையோடு சோறு தின்றேன். கொடுத்து வைத்தவள் என்று ஊரே சொன்னது. செந்துறைப் பக்கத்திலிருந்து வந்த அம்மாவும் சொன்னாள்: "பெரியவளுக்கு நல்ல எடமா அமஞ்சுபோச்சு." சின்னவள் பக்கத்தில் நிற்பது அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஆயுத பூஜைக்குச் சுரங்கத்தில் எல்லாச் சாமானையும் துடைத்து எண்ணெய் போட்டுப் பொட்டு வைப்பார்கள். டிரில்லுக்கு எண்ணெய், சங்கிலிக்கு எண்ணெய், வண்டிக்கு எண்ணெய். அக்கா கோட்டை வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டாள். தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றி, கழுத்துப் பட்டை, மணிக்கட்டு எல்லாம் கருகருவென்று மின்னும்வரை தடவினாள். சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி படத்துக்கு அடியில் சார்த்தினாள். நான் போய், "அக்கா, எங்க உடுப்புக்கும் கொஞ்சம் எண்ணெ குடேன்" என்று கேட்டேன். "இருந்தது அம்புட்டும் இதுக்கே சரியாப் போச்சுடி. அந்தக் கிழிசலுக்கு எதுக்கு எண்ணெ?" என்றாள். அன்றைக்கு அவள் வைத்த பொரி கடலையை நான் கையால் தொடவில்லை.

வருஷா வருஷம் இதே பூஜை. மாமா இடையிடையேயும் எண்ணெய் போட்டுக்கொண்டார்; கழுத்தில் நழுவி இறங்க வசதியாக இருந்ததாம்.

ஒரு வருஷம் கார்த்திகை மழையில், ஒரு மத்தியானம், சங்கு ஊதியது. குழிக்கு ஓடினோம். கீழே போன மாமாவின் கழுத்துப் பட்டை பிசுபிசுத்துப்போய் நெட்டுவாக்கில் பிளந்துவிட்டது. மெத்து ரப்பர் எங்கே கிழிந்தாலும் நஷ்டமில்லை; அது ஏற்கெனவே நனைந்ததுதான். பெரிய கோட்டு ஓர் இடத்தில் விட்டால் முழுசும் போச்சு. உள்ளிருந்த காற்று குபுகுபுவென்று வெளியேறி, தண்ணீர் நிரம்பி, அடியில் நிற்பதற்காக இடுப்பில் கட்டிய ஈயக் கட்டியோடு அவர் கல்லாகக் கிடந்தார். என் வீட்டுக்காரர் முங்கிப் போய் ஈயத்தை அறுத்துவிட்டுத் தூக்கி வந்தார். கரைக்கு வந்தும் ஆளை இழுக்க முடியவில்லை, அவ்வளவு தண்ணீர் உள்ளே. கத்தியால் கோட்டின் இரண்டு காலையும் கிழித்து வடியவிட்ட பிறகுதான் வெளியே போட்டார்கள். மாமா இருமினார். அக்கா என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

சூப்பர்வைசர் கிழிந்த பட்டையை விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தார். "ரப்பருக்கு எண்ணெய் எமன்ம்மா. அதுக்குத்தானே பவுடர் குடுத்தோம்?" என்றார். கண்ணீர் வழிந்த இடம் தவிர அக்கா முகமெல்லாம் பவுடர் அப்படியே இருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

உயிரைக் காப்பாற்றியவர் பெண்டாட்டி என்று என்னை யாரும் கொண்டாடவில்லை. அம்மா வந்து, "உன் கண்ணுதான்டி பட்டுச்சு. கோட்டைப் பாத்துப் பாத்துப் பொகஞ்சியே" என்றாள். பட்டிருந்தாலும் பட்டிருக்கும். ஆனால் மாமா சாக வேண்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அந்தக் கோட்டு எங்கள் வீட்டுக் கொடியில் தொங்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது.

இனி மாமாவைக் குழியில் இறக்கக்கூடாது என்று ஸ்டோரில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை. பெரிய கோட்டுக்குப் பதில் புதுசு வாங்கித் தருவார்கள், அது நமக்குத்தான் என்று நான் காத்திருந்தேன். ஆபீசில், "இந்த மெத்து ரப்பரே நல்லா ஒழைக்குதே, புதுசு எதுக்கு?" என்று சொல்லிவிட்டார்கள். உழைக்காமல் என்ன? ஒட்டுக்கு மேல் ஒட்டாகப் போட்டு உழைக்க வைத்தவள் நானல்லவா? அது கிழிந்து குப்பைக்குப் போயிருந்தால் என் வீட்டுக்காரருக்கும் ஒரு நாற்காலி கிடைத்திருக்கும். அது போகவில்லை. மழைக்கு மழை அவர் தனியாளாக முங்கினார். முதலில் காதில் வலி என்றார், பிறகு சீழ் வந்தது. திருச்சி பெரியாஸ்பத்திரியில் பார்த்தபோது இரண்டு காதும் போய்விட்டிருந்தன.

இப்போதும் அக்கா வீட்டுக்குப் போனால் அவள் மாமா பக்கம் சாய்ந்து ஏதோ முணுமுணுப்பாள், அவர் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். எனக்கு அதே இடத்தில் அதே எரிச்சல். என் வீட்டுக்காரரிடம் நான் ஒரு ரகசியம் சொல்ல வேண்டுமென்றால் தெருவுக்கே சொல்ல வேண்டும்.