என் நைட் ஷிப்டும் அண்ணனின் எலும்பு மஜ்ஜையும்

அண்ணனின் எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவது நின்றுபோயிருந்தது. மாற்று மஜ்ஜை வைத்தால்தான் பிழைப்பான் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். பரிசோதித்ததில் முழுதாகப் பொருந்தியது.

அப்போது நான் கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில் பதினோராவது வருஷம் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் காலை ஷிப்ட், மறுவாரம் மதியம், அதற்கடுத்த வாரம் நைட். என் மஜ்ஜையிலிருந்து, ரத்தம் ஊறவைக்கும் மூல அணுக்கள் ரத்தத்துக்கு இறங்கிவர நாலு நாள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஐந்தாம் நாள் மதுரையில் மெஷின் வைத்துப் பிரித்தெடுப்பார்கள். ஊசி தொடங்கிய வாரம் எனக்கு நைட்.

"இந்த வாரம் மட்டும் பகல் ஷிப்ட் குடுங்க அண்ணாச்சி" என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"ஊசி கையிலதான போடுதாவ? கண்ணு முழிக்கதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார்.

சம்பந்தம் இருக்குமென்று எனக்கும் அப்போது தோன்றவில்லை. ஊசி போட்டதில் இடுப்பெலும்பு விண்விண்ணென்று தெறிக்க, நாலு ராத்திரியும் அறுந்த நூலை முடிந்துகொண்டே நடந்தேன்.

மதுரையில் இரண்டு கையிலும் ஊசி குத்தி, அசையாமல் நாலு மணி நேரம் படுக்கவைத்தார்கள். எடுத்தது போதவில்லை, நாளைக்கும் எடுக்க வேண்டும் என்று சாயங்காலம் சொன்னார்கள். வராந்தாவில் மதினி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, ஒழுங்காச் சாப்பிட்டியா இல்லியா? அவிய உசிரு உன் கையில இருக்கு, தெரியும்லா?"

நானே ஏதோ பதுக்கிவைத்த மாதிரி கூனிக்குறுகி நின்றேன்.

மறுநாள் காலையில் ஒரு பெண் டாக்டர் கட்டிலருகே உட்கார்ந்து, "எத்தனை மணிக்குத் தூங்குவீங்க?" என்று கேட்டார்.

"எந்த வாரம்னு சொல்லுங்க டாக்டர்" என்றேன்.

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். இந்த அணுக்கள் ரத்தத்தில் எந்நேரமும் ஒரே அளவில் இருப்பதில்லை, பகல் இரவு பார்த்துக் கூடும் குறையும், உடம்புக்குள் அதற்கென்று ஒரு கடிகாரம் ஓடுகிறது என்று விளக்கினார்.

"அப்போ ஷிப்டுனாலதான் கொறஞ்சுதா?"

"அப்படி அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. சிலருக்குக் காரணமே தெரியாமலும் குறையும். ஆனா முன்னாடியே கேட்டிருக்கணும். எங்க ஃபாரத்துல அந்தக் கேள்வியே இல்ல."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மாதவிலக்கு, பிரசவம், மஞ்சள்காமாலை, வெற்றிலை, புகையிலை எல்லாம் அந்த ஃபாரத்தில் கேட்டிருந்தார்கள். பதினோரு வருஷம் நான் எப்போது தூங்கினேன் என்பது யாருக்கும் ஒரு விஷயமாகவே படவில்லை. சோறு தின்றாயா என்று கேட்ட மதினிக்கும் படவில்லை. எனக்கே படவில்லை என்பதுதான் இன்னும் எரிகிறது.

அன்றைக்கு எடுத்தது போதுமானதாக இருந்தது. அண்ணனுக்கு அதை ஏற்றிய மூன்றாவது வாரம் அவன் ரத்தத்தில் அணுக்களின் எண்ணிக்கை கூடத் தொடங்கியது. இப்போது உளுந்துக் காட்டுக்குத் தானே பைக்கில் போய்வருகிறான்.

நான் ஆலைக்குத் திரும்பிய அன்றே, "இனிமே நைட் பாக்க மாட்டேன்" என்றேன்.

"அண்ணன் பொழச்சிட்டான்லா? பெறவு என்ன?" என்று சிரித்தார் சூப்பர்வைசர்.

"பொழச்சா நீங்க செஞ்சது சரியாயிருமா?"

அவர் மறுவாரத்துக்கு என் பெயரை நைட்டில் எழுதினார். அதோடு ஆலை வேலையை விட்டு நின்றுவிட்டேன். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் பகல் வேலைதான் இப்போது. ஆலையில் என் இடத்தில் வேறொரு பெண் நிற்கிறாள். அவளுக்கும் வாரத்துக்கு ஒரு நேரத்தில்தான் தூக்கம்.