மரியறோஸ் அக்காவின் பதினொரு பூக்கள்

செய்தி வந்தபோது இத்தாலியில், சீசாப் பகுதியிலுள்ள என் வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மகள் ஜெனி, பலகாரத்துக்கு மா குழைக்க வந்த பிலோமினா, கூப்பிடாமலே வந்திருந்த யசிந்தா. "மரியறோஸ் ஆன்ரி போயிட்டா அம்மா" என்று ஜெனி தொலைபேசியை வைத்தாள். பிலோமினா அழுதாள். யசிந்தா, "ஆர் பக்கத்திலை இருந்தது? கடைசியாய் ஏதும் சொன்னவவோ?" என்று கேட்டாள். மடியில் கனமில்லாதவர்கள் அதை முதலில் கேட்பார்களா?

அக்காவை அறிந்த பங்கு மக்களுக்கு இதை எழுதுகிறேன். எனக்குப் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. ஞாபகம் மட்டும் குறையவில்லை.

நான்கு வருடத்துக்கு முன், நோர்வேயில் மகள் வீட்டுக்குப் போய் வந்த அக்கா, செபப் புத்தகத்துக்குள் இருந்த காய்ந்த பூந்தண்டு ஒன்றைக் காட்டினார். கால் வைத்தால் உள்ளே இழுக்கும் கறுப்புச் சதுப்பில், வேறு பயிர் பிடிக்காத புளித்த மண்ணில், சாண் உயரத்துக்கு அது நிற்குமாம். தண்டு முழுக்க மஞ்சள் நட்சத்திரங்கள். எண்ணினேன். பதினொன்று. "ஆடு திண்டால் எலும்பு முறியுமெண்டு அங்கத்தைய ஆக்கள் சொல்லினம். நான் என்ன ஆடே?" என்று சிரித்தார். அன்றும் யசிந்தா இருந்தாள்.

அக்கா பொலிதேயாமாப் பக்கத்தில் வயதான இத்தாலிய அம்மா ஒருவரை, சின்யோராவை, பார்த்துக்கொள்ளும் வேலை செய்தார். அந்த மாரியில் சின்யோரா குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. அவரின் மகள் வந்து அக்காவிடம், அம்மாவுக்கு என்ன மஞ்சள் பூவை அவித்துக் கொடுத்தாய் என்று கேட்டாள். ஊரில் ஆவரசம்பூ அவித்துக் குடித்த சனம் நாங்கள். அந்தப் பழக்கமும் அக்காவின் பூவும் அந்த இத்தாலியப் பெண்ணுக்கு எப்படித் தெரியும், எங்களில் ஒருத்தி சொல்லாமல்? அக்காவின் வேலை அன்றே போனது. அடுத்த கிழமை அந்த வேலையும் வீட்டுத் திறப்பும் யசிந்தாவின் கையில் இருந்தன.

பிறகு அக்கா தினமும் பகேரியாவுக்கு ரயில் ஏறித் துப்புரவு வேலை செய்தார். ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தார். மேலே ஏதும் மிதக்கிறதா என்று பார்த்தேன். தொடவில்லை. அக்கா கண்டுவிட்டார். "ஆறின தேத்தண்ணி உனக்குச் சரிவராது, நான் குடிக்கிறன்" என்று கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அடக்கம் முடிந்த பிறகு, நோர்வேயிலிருந்து வந்த மகள் அந்தச் செபப் புத்தகத்தை என்னிடம் தந்தாள். "எண்ணினவளிட்டைக் குடு எண்டு அம்மா சொன்னவ" என்றாள். மூன்று தரம் எண்ணினேன். பதினொன்று. ஒரு பூவும் எந்தத் தேத்தண்ணிக் கேத்திலுக்குள்ளும் போகவில்லை.

புத்தகம் என் தலைமாட்டில் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் வந்து எண்ணலாம். குடிக்காமல் விட்ட தேத்தண்ணிக்கு அக்காவிடம் நான் மேலே போய்ப் பதில் சொல்வேன். முப்பத்தோராம் நாள் பூசையில் பங்குச் சுவாமி மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். அவருடைய சொல்லுக்காக எல்லோரையும் மன்னித்தேன், சின்யோராவின் மகளையும் சேர்த்து. முன்வாங்கில் இருந்து பெரிதாக அழுத யசிந்தாவை மட்டும் இல்லை.